முதியோரின் உடல் திறன்: நாடுகளை எப்படி ஒப்பிடுகிறார்கள்?

கேள்வி: ஒரு நாட்டு முதியோர் திடமாக இருக்கிறார்கள், இன்னொரு நாட்டில் தளர்ந்துபோயிருக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எதை வைத்து இப்படி முடிவு செய்கிறார்கள்?

பதில்: கேட்டு அறிவது, அளந்து அறிவது என்று இரண்டு வழிகள் உண்டு. கேட்டு அறியும் வழிக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலம் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் யார் துணையுமின்றிச் செய்ய முடிகிறதா என்று பார்க்கும் பட்டியலை அவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்டார்கள். சமையல், கடைக்குப் போதல், பணக்கணக்கு, மருந்தைத் தவறாமல் உட்கொள்ளுதல் போன்ற சற்றே சிக்கலான வேலைகளை அமெரிக்க ஆய்வாளர்களான லாட்டனும் பிரோடியும் 1969-இல் தனிப் பட்டியலாக்கினார்கள். அமெரிக்காவில் 1992-இலும், இங்கிலாந்தில் 2002-இலும், ஐரோப்பிய நாடுகளில் 2004-இலும், சீனாவில் 2011-இலும், இந்தியாவில் 2017-இலும் தொடங்கிய பெரிய முதுமை ஆய்வுகள் யாவும் இவ்விரு பட்டியல்களையும் ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்துகின்றன.

பட்டியல் ஒன்றாக இருந்தாலும் கேள்வி ஒன்றாக இருப்பதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. "குளிப்பதில் சிரமம் உண்டா?" என்று கேட்டால் ஆம் என்பவர்களில் பலர், "குளிக்கப் பிறர் உதவி தேவையா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். மூன்று மாதத்துக்குள் நீங்கிவிடக்கூடிய சிரமங்களைச் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க ஆய்வு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அந்த வரி இல்லாத கணக்கெடுப்பில், கால் சுளுக்கியவரும் இயலாதவராகப் பதிவாகக்கூடும். இரண்டாம் பட்டியலில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஆயுளில் ஒருநாள்கூட அடுப்படிக்குப் போகாத ஆண், "சமைப்பதில்லை" என்று சொல்வது உடல் தளர்ச்சியாலா, பழக்கமின்மையாலா? இவ்விரண்டையும் தனித்தனியே குறிக்காத கணக்கெடுப்பில் நாடுகளுக்கிடையே தெரியும் வேறுபாடு, உடலைப் பற்றியதா குடும்பத்தில் வேலை பகிரப்படும் முறையைப் பற்றியதா என்று பிரித்தறிய வழியில்லை.

கேள்வி: இத்தகைய ஆய்வுகளில் கற்பனை மனிதர்களைப் பற்றியும் கேட்கிறார்களாமே, எதற்கு?

பதில்: "சிரமம்" என்று ஒருவர் எதைச் சொல்கிறார் என்பதை அறியத்தான். சிறிது தூரம் எளிதாக நடந்து, ஒரு கிலோமீட்டர் ஆனதும் களைத்துப்போகும் ஒருவரை விவரித்து, அவருடைய சிரமத்தை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்று எல்லா நாடுகளிலும் கேட்பார்கள். அவரை ஓரிடத்தில் "லேசான சிரமம்" என்றும் இன்னோரிடத்தில் "கடுமையான சிரமம்" என்றும் மதிப்பிட்டால், அந்த வேறுபாட்டைக் கொண்டு மக்கள் தங்களைப் பற்றிச் சொன்ன பதில்களைத் திருத்திக்கொள்ளலாம். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004-இல் முன்வைத்த முறை இது. நல்ல உத்திதான், ஆனால் பிறரை அளக்கும் அதே கோலால்தான் ஒருவர் தம்மையும் அளக்கிறார் என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. எனக்கு அந்த அனுமானத்தில் முழு நம்பிக்கை இல்லை.

கேள்வி: அப்படியானால் கருவி கொண்டு அளந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: பெருமளவு குறையும், முற்றிலும் தீராது. நிற்கும்போது உள்ள சமநிலை, நடைவேகம், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர ஆகும் நேரம் ஆகிய மூன்றுக்கும் தலா நான்காகப் பன்னிரண்டு மதிப்பெண் தரும் சோதனையை அமெரிக்க ஆய்வாளர் குரால்னிக்கின் குழுவினர் 1994-இல் உருவாக்கினார்கள். ஒருவர் சொல்லும் பதிலைவிட இதை நான் அதிகம் நம்புவேன். ஆனால் நடைவேகத்தை மட்டும் சற்று அருகில் சென்று பாருங்கள். இந்திய ஆய்வு 4 மீட்டர் நடக்கச் சொல்கிறது. அமெரிக்க ஆய்வு 2.5 மீட்டர், இங்கிலாந்து ஆய்வு 8 அடி, அதாவது ஏறத்தாழ 2.44 மீட்டர். வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 4 மீட்டரை 5 வினாடியில் கடப்பார். ஸ்டாப்வாட்ச்சை நிறுத்துபவர் 0.3 வினாடி தாமதித்தால் நடந்தவருடைய வேகம் 0.75 ஆகப் பதிவாகும். அதே தாமதம் 2.5 மீட்டர் பாதையில் அதை 0.73 ஆக்கிவிடும். நின்ற நிலையிலிருந்து புறப்படச் சொன்னால், குறுகிய பாதையில் முடுக்கம் பிடிப்பதிலேயே பெரும்பகுதி கழிந்துவிடும். நாற்காலியின் உயரமும் இப்படித்தான்: இருக்கை தாழத் தாழ எழுவது கடினமாகும்.

இவற்றையாவது திருத்திவிடலாம். நடக்கவே இயலாதவரின் கட்டம் வெற்றாக விடப்படும்போது அவர் சராசரியிலிருந்தே மறைந்துவிடுகிறார் என்பதுதான் பெரிய ஆபத்து. மேலும், பல ஆய்வுகள் முதல் மாதிரியை வீடுகளிலிருந்து மட்டுமே எடுக்கின்றன. தளர்ந்தவர்களைப் பராமரிப்பு இல்லங்களில் சேர்க்கும் வழக்கம் மிகுந்த நாட்டில் வீட்டில் எஞ்சியிருப்போர் இயல்பாகவே திடமானவர்கள். அந்த நாட்டின் சராசரி மேலே நிற்பதில் வியப்பில்லை. "இயலவில்லை" என்பதையும் ஒரு விடையாகக் கணக்கில் சேர்க்காத ஒப்பீட்டை நான் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: என் தாயாரின் கைப்பிடி வலிமை 17 கிலோ. ஓரிடத்தில் இது இயல்பு என்றும், வேறோரிடத்தில் குறைவு என்றும் படித்தேன். எது சரி?

பதில்: நீங்கள் படித்த இரண்டும் சரியாகவே இருக்கலாம். பெண்களுக்கு 16 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது 2019-இல் வெளியான ஐரோப்பிய நிபுணர் குழுவின் வரையறை. அதே ஆண்டின் ஆசிய வரையறை 18 கிலோ. ஆசியப் பெண்கள் அதிக வலிமையுடையவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஐரோப்பியர்கள் ஆரோக்கியமான இளையோரின் சராசரியிலிருந்து எவ்வளவு கீழே என்று கணக்கிட்டார்கள். ஆசியக் குழுவோ முதியோரிலேயே கடைசி ஐந்தில் ஒரு பங்கினரை எல்லையாகக் கொண்டது. கோடு கிழித்த முறை வேறு என்பதால் எண்ணும் வேறாயிற்று. இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துக் கவலைப்படவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம். நடைவேகத்தையும் நாற்காலியிலிருந்து எழும் நேரத்தையும் மருத்துவர் முன்னிலையில் அளந்துகொள்ளுங்கள். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, அதே கருவியில், அதே கையால் மீண்டும் அளந்து பார்க்கும்போது எண் இறங்கியிருக்கிறதா என்பதே அவருடைய நிலையைக் கூடுதலாகத் தெரிவிக்கும்.