பல்கலைக்கழக உரைகளைக் கேட்பதால் யாருக்கு என்ன பயன்?

கேள்வி கேட்டவர் முதுகலை மாணவர். உலக அரசியல், சமூக நீதி பற்றிப் பெரிய பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் ஆற்றும் உரைகளை இரண்டு வருடமாக யூடியூபில் கேட்டு வருகிறாராம். "கேட்டு முடித்ததும் மனசு கனத்துப் போகிறது, அதோடு சரி. இதனால் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆகியிருக்கிறது. உரை முடிந்த பிறகு அதைக் கேட்டவர்கள் எங்கே போய் யாரோடு பேசினார்கள் என்று பார்த்தால் அது தெரியும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் வால்டர் ராட்னி என்ற வரலாற்று ஆசிரியர்.

ராட்னி 1942-ல் தென் அமெரிக்காவில் உள்ள கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். லண்டனில் ஆப்பிரிக்க அடிமை வணிக வரலாற்றை ஆராய்ந்து, 24 வயதில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். 1968 தொடக்கத்தில் ஜமைக்காவில், தான் முன்பு படித்த மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்துக்கே வரலாறு கற்பிக்கத் திரும்பி வந்தார். வகுப்பு எடுத்தோம், சம்பளம் வாங்கினோம் என்று அவர் இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வளாகத்தை விட்டு வெளியே இறங்கி, தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளுக்குப் போனார். ரஸ்தஃபாரிகளோடும் (ஆப்பிரிக்காவையே தாய்மண்ணாகக் கருதும் கறுப்பினச் சமய இயக்கத்தவர்கள்) வேலையில்லாத இளைஞர்களோடும் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு பேசினார். குப்பைக்கு நடுவே, துருப்பிடித்த ஒரு சின்ன எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்து பேசியதை அவரே எழுதியிருக்கிறார். அங்கே இருப்பவர்கள் இப்படிச் சமமாக உட்கார்ந்து பேசுவதை 'கிரவுண்டிங்' என்பார்கள். யாருக்கும் மேடை கிடையாது. அவர் சொல்வதை அவர்கள் கேட்பார்கள், அவர்கள் சொல்வதை அவர் கேட்பார்.

அரசுக்கு அதுதான் பொறுக்கவில்லை. 1968 அக்டோபரில் மாண்ட்ரியலில் நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டுக்குப் போய்விட்டு 15-ம் தேதி திரும்பியவரை, நாட்டுக்குள் விடாமல் கனடாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. நகரத்து ஏழைகளும் தெருவில் இறங்கினார்கள், பேருந்துகள் எரிந்தன, சில உயிர்களும் போயின. ஒரு வரலாற்று ஆசிரியரை ஊருக்குள் விடவில்லை என்பதற்காக, அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்திராதவர்கள் கொதித்தார்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

அதன் பிறகு தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆப்பிரிக்காவின் வளர்ச்சியை ஐரோப்பா எப்படி முடக்கியது என்பதை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1972-ல் வெளிவந்தபோது அங்கேதான் இருந்தார். 1974-ல் சொந்த ஊருக்குத் திரும்பினார். கயானா பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்த பேராசிரியர் பதவியை அரசு தடுத்துவிட்டது. அப்போதும் அவர் பேசுவதை நிறுத்தவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வாரிசுகளையும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகளையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்க முயன்றார். (அந்தக் கூலிகளில் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களும் உண்டு.) இரண்டு இனமும் தனித்தனிக் கட்சியாகப் பிரிந்து கிடந்த நாட்டில் இது சாதாரண வேலை இல்லை. 1980 ஜூன் 13 அன்று, காரில் இருந்தபோது, வாக்கி டாக்கிக்குள் வைத்திருந்த வெடிகுண்டு வெடித்து இறந்தார். வயது 38. 2016-ல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, அந்தக் கொலையில் அன்றைய அரசுக்குப் பங்கு இருந்ததாகச் சொன்னது. பேச்சால் எதுவும் ஆகாது என்று நாம் நினைக்கலாம், அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

வளாகத்துக்குள்ளேயே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 1965 மார்ச்சில் அமெரிக்கா வட வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சைத் தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் ஒருநாள் வகுப்புகளை நிறுத்தி எதிர்ப்பைக் காட்ட நினைத்தார்கள். பலத்த கண்டனம் வந்தது. சரி, வகுப்பை நிறுத்த வேண்டாம், இரவு முழுக்கக் கூடுதலாக வகுப்பு எடுப்போம் என்று யோசனை சொன்னார் மானுடவியல் பேராசிரியர் மார்ஷல் சாலின்ஸ். மார்ச் 24 இரவு 8 மணிக்குத் தொடங்கியது மறுநாள் காலைவரை நடந்தது. சுமார் 3,000 பேர் வந்தார்கள். மாணவிகள் இரவில் குறித்த நேரத்துக்குள் விடுதி திரும்ப வேண்டும் என்ற விதியை அன்று ஒரு நாள் தளர்த்தினார்கள். நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்ததும் எல்லோரும் வெளியே குளிரில் நின்று பேச்சைத் தொடர்ந்தார்கள். போர் அதனால் நிற்கவில்லை, இன்னும் பத்து வருடம் ஓடியது. ஆனால் சில வாரங்களிலேயே பல பல்கலைக்கழகங்கள் இதே பாணியில் இரவுக் கூட்டம் நடத்தின. 1970-ல் சுற்றுச்சூழலுக்காக முதல் புவி நாள் நடந்ததும் இந்த மாதிரியை வைத்துத்தான்.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். நான் படித்த காலத்தில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் உலக வர்த்தகம் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். முடிந்ததும் நேரமில்லை என்று சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். பருத்தி விலையைப் பற்றி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த கேள்வி அப்படியே நின்றுபோனது. பேசியதில் ஒரு வரிகூட இன்று ஞாபகமில்லை, கேட்காமல் விட்ட கேள்வி மட்டும் ஞாபகமிருக்கிறது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராட்னியின் நூலைப் பற்றி ஒரு பேராசிரியர் ஆற்றிய உரையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்குப் பாதை மாற்றிவிடுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர், மணியாச்சியில்தான் அதிக வருடம் வேலை பார்த்தார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது என்பதால் நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். காலனி ஆட்சியில் ஆப்பிரிக்காவில் போட்ட சாலையும் தண்டவாளமும் கடலை நோக்கித்தான் ஓடின, சரக்கை வெளியே கொண்டுபோகத்தான் போட்டார்கள், பக்கத்து ஊரோடு பக்கத்து ஊரை இணைக்க யாரும் நினைக்கவில்லை என்று ராட்னி விளக்கும் இடம் வந்தது.

"ஏட்டி, நிப்பாட்டு" என்றார் அப்பா. "அப்போ நம்ம தூத்துக்குடி லைனை எதுக்குப் போட்டான்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். கரிசல் காட்டுப் பருத்தி எங்கே ஏறும், எந்த ஸ்டேஷனில் கூட்ஸ் எவ்வளவு நேரம் நிற்கும், துறைமுகம் எந்தப் பக்கம் என்று. முப்பது வருடமாக அந்த லைனில் பாயிண்ட் மாற்றியவருக்கு அந்தக் கோடு எதற்கு என்று யாரும் சொன்னதில்லை. அந்த உரையை முடிக்க எங்களுக்கு மூன்று ஞாயிறுகள் ஆயின.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வாரத்துக்கு ஐந்து உரை கேட்காதீர்கள், ஒன்று போதும். அதையும் தனியாகக் கேட்க வேண்டாம். அந்த விஷயத்தைத் தன் கையால் தொட்டு வேலை பார்த்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் நிறுத்தச் சொல்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஓடும் உரையில் கோல்டு கோஸ்ட், அதாவது இன்றைய கானா, பற்றிய பகுதி வந்திருக்கிறது. 1937-ல் அங்கே கொக்கோ விவசாயிகள் விலை கட்டவில்லை என்று ஐரோப்பிய கம்பெனிகளுக்கு விற்காமல் சரக்கை நிறுத்தி வைத்தார்கள். அத்தனை மாதம் அடுப்பு எப்படி எரிந்தது, கடன் கொடுத்தது யார் என்று அப்பா கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறுக்குள் நான் படித்துச் சொல்ல வேண்டும்.