ஜீப் கேரியரில் மண்வெட்டி, கடப்பாரை, ஜாக்கை எப்படிப் பொருத்துவது? எந்த கிளாம்ப் நல்லது? பூட்டு வேண்டுமா?

புது வண்டி, புது கேரியர், நாலைந்து வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கிளாம்ப் இருக்கட்டும், முதலில் அந்தக் கடப்பாரையைக் கீழே இறக்குங்கள்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மூன்றாம் நாள் மன்னார்குடியிலிருந்து வேதாரண்யத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். என்னுடையது பழைய பொலிரோ. மேலே பட்டறையில் அடித்த இரும்பு கேரியர், அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். வண்டிக்குள் அரிசி, தண்ணீர் கேன், மெழுகுவத்தி, அதற்கு மேல் ஆட்கள். அதனால் இரண்டு மண்வெட்டி, கோடாலி, செயின் சா, ஐந்தடிக் கடப்பாரை எல்லாம் கேரியருக்குப் போயின. நைலான் கயிற்றால் நானே கட்டினேன். வண்டி வண்டியாக வைக்கோல் பாரம் கட்டிய கை, இது அவிழுமா என்ற திமிர்.

திருத்துறைப்பூண்டி தாண்டி ஒரு வளைவில் புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. பிரேக்கை மிதித்தேன். தலைக்கு மேலே சர்ரென்று ஒரு சத்தம், கடப்பாரை கண்ணாடிக்கு மேலாகப் பாய்ந்து பானெட்டில் ஒரு குத்து குத்திவிட்டு ரோட்டில் சறுக்கிக்கொண்டு போனது. மரத்துக்கு இந்தப் பக்கம் டிவிஎஸ் 50-ஐ நிறுத்தி நின்றிருந்த ஒரு பெரியவரின் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஆறேழு கிலோ இரும்பு. நான் இறங்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, "இதத்தான் தேடிக்கிட்டு இருந்தோம், வாங்க தம்பி, மரத்தப் புரட்டலாம்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அவிழ்ந்ததா என்றால், ஒரு முடிச்சும் அவிழவில்லை. குறுக்கே மட்டும் இறுக்கியிருந்தேன், முன்பக்கம் போகாமல் தடுக்க எதுவுமே இல்லை. நனைந்த கயிறு கொஞ்சம் இளகினாலே போதும், வழவழப்பான கடப்பாரை உறையிலிருந்து உருவிய கத்தி மாதிரி வந்துவிடும். சாமான் பக்கவாட்டில் விழுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். பிரேக் பிடித்தால் அது முன்னால்தான் போகும்.

இப்போது கடப்பாரை சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. வண்டியை உயரத் தூக்கும் நெட்டையான ஹை-லிஃப்ட் ஜாக்கும் அப்படியே. 12, 13 கிலோவை உச்சியில் ஏற்றினால் வாய்க்கால் கரையில் வண்டி சாயும்போது வித்தியாசம் தெரியும், அதைப் படிப்படியாக ஏற்றும் சின்ன இரும்பு பின்களில் சேறு ஏறினால் தேவைப்படும் நேரத்தில் நகரவும் நகராது. வண்டியோடு வந்த புத்தகத்தில் கூரைக்கு இத்தனை கிலோ என்று போட்டிருந்தால், கேரியரின் எடையும் அதில் சேர்த்தி.

மண்வெட்டி மேலேயே இருக்கலாம். ஆனால் கடையில் விற்கும் கிளாம்பெல்லாம் வெளிநாட்டுச் சவலுக்குச் செய்தவை, தகடும் காம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நம் மண்வெட்டிக்குத் தகடு மடங்கி நிற்கிறதே, படுக்குமா? நானும் ஒரு ஜோடி வாங்கி ஏமாந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த மடக்குதான் வசதி. தகட்டைப் பின்கம்பிக்கு வெளியே கொக்கி மாதிரி மாட்டிக் காம்பை முன்னால் நீட்டி வைத்தால், பிரேக் பிடிக்கும்போது தகடே கம்பியில் முட்டி நிறுத்திவிடும். காம்பை இரண்டு இடத்தில் பழைய லாரி டியூபை வார் வாராக வெட்டிச் சுற்றுகிறேன். பால்காரர் சைக்கிளில் கேனைக் கட்டுவதும் டியூப் வாரால்தானே. வெயிலில் வெடித்துப்போகும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தகட்டின் விளிம்புக்கும் ஒரு துண்டு டியூப் போடுங்கள், பின்னால் வருகிறவன் மண்டை முக்கியம்.

சேற்றோடு மட்டும் மாட்டாதீர்கள். நம் களிமண் ஈரமாக இருக்கும்போது கட்டு கெட்டியாகத்தான் இருக்கும். காய்ந்து உதிர்ந்ததும் அவ்வளவும் தொளதொள.

கேரியரை மாட்டியிருக்கும் யூ-போல்ட்டுகளுக்கு நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்தது, அதிர்வில் தளராது) போடுங்கள், ஒருமுறை கழற்றினால் புது நட்டு. கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் உப்புக்காற்று சாதா போல்ட்டைத் தின்றுவிடும், ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

"ரேட்செட் ஸ்ட்ராப் இருக்கும்போது டியூபா?" என்று சிலர் சிரிப்பார்கள், கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டையைச் சொல்கிறார்கள். சிரிக்கட்டும். ஸ்ட்ராப் நல்ல பொருள்தான், நானும் வைத்திருக்கிறேன், நான் ஒன்றும் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அதுவும் குறுக்கேதான் இறுக்கும், முன்னால் போவதைத் தடுக்கத் தனியாக ஒரு கட்டு வேண்டும்.

பூட்டு கேட்டீர்கள். எங்கள் ஊரில் மண்வெட்டியை எவனும் திருடமாட்டான், பிரச்சினை சொந்தக்காரர்கள். அதே கஜாவில் அத்தை வீட்டுத் தென்னையெல்லாம் அறுத்து முடித்ததும் செயின் சாவை என் மச்சான் "ரெண்டு நாள்ல தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். புதுசு, சங்கிலிகூட மாற்றாதது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறார், கரும்பு கொண்டுவருகிறார், செயின் சாவைக் கொண்டுவருவதில்லை. கேட்டால் என் மனைவிக்கு முகம் சுருங்குகிறது. போன வருஷம் கோடாலியைக் கேட்டார். கேரியரில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தேன், சாவி எங்கேயோ விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஆகவே, ஆமாம், பூட்டு வாங்குங்கள்.