ஆறடி பத்தங்குலத் தம்பியும் பத்தாண்டு ஒப்பந்தமும்

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது, உயரம் ஆறடி பத்து அங்குலம், எடை 128 கிலோ. 'மல்யுத்த வீரர் கிரேட் காளியைப் போல ஆக்கிக் காட்டுகிறேன். ஆறு மாதம் பயிற்சி, அதன் பின் அமெரிக்க ரிங், பிறகு சினிமா' என்று ஓர் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து பேசுகிறார். பதிவுக் கட்டணம் நான்கு லட்சம் ரூபாய், பத்தாண்டு ஒப்பந்தம், எல்லா வருமானத்திலும் 40 விழுக்காடு அவருக்கு. அசல் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் கேட்கிறார். 'இத்தகைய ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்காது, தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்' என்கிறார் எங்கள் சித்தப்பா. போடலாமா?

பதில்: போட வேண்டாம், சகோதரி. உங்கள் சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பிக் கையெழுத்திட்டு வந்தவர்களைத்தான் வழக்கறிஞராக நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பணத்தைப் பார்ப்போம்.

வாய்ப்புத் தேடித் தரும் ஏஜென்ட்டின் கூலி, வாய்ப்பு வந்து, வருமானமும் வந்த பிறகு அதிலிருந்து எடுக்கப்படுவது. பயிற்சிக் கூடத்துக்கு ரசீதோடு கட்டும் கட்டணம் வேறு. ஏஜென்ட்டின் கையில் 'பதிவு' என்ற பெயரில் கொடுக்கும் நான்கு லட்சம் வேறு. அது அவருக்கு வந்துவிட்டால், உங்கள் தம்பி மேடையேறினாலும் ஏறாவிட்டாலும் அவருடைய லாபம் முடிந்துவிடுகிறது.

அவர் காட்டும் உதாரணத்தையே நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தைச் சேர்ந்த தலீப் சிங் ராணா, அதாவது கிரேட் காளி, 1993இல் பஞ்சாப் காவல்துறையில் சேர்ந்தவர். அமெரிக்காவில் மல்யுத்தப் பயிற்சி பெற்று 2000இல் முதன்முதலாக மேடையேறினார், ஜப்பானிலும் ஆடினார். டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தோடு ஒப்பந்தமானது 2006இல். உலக ஹெவிவெயிட் பட்டம் 2007இல். ஹாலிவுட் படத்தில் கைதி வேடம் கிடைத்தது 2005இல், அதாவது மேடையேறி ஐந்து ஆண்டுகள் கழித்து. கையில் காவல்துறை வேலையோடு தொடங்கிய ஏழடி மனிதருக்கே இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்போது, ஆறு மாதக் கணக்கை உங்கள் ஏஜென்ட் எங்கிருந்து எடுத்தார் என்று அவரிடமே கேளுங்கள்.

அமெரிக்க ரிங்கில் இறங்க வேண்டுமானால், விளையாட்டு வீரர்களுக்கும் கலைஞர்களுக்குமான வேலை விசா வேண்டும்; அதற்கான மனுவை அந்நாட்டிலுள்ள நிறுவனமோ முகவரோ தாக்கல் செய்ய வேண்டுமே தவிர, உங்கள் தம்பி தனக்குத்தானே தாக்கல் செய்துகொள்ள முடியாது. 'முதலில் சுற்றுலா விசாவில் போய்விடலாம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சினிமா, கண்காட்சி, கேளிக்கை தொடர்பான வேலையும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. பதிவு பெற்ற முகவர்கூட 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண் இல்லை என்று தெரிந்து காவல் நிலையம் போனால், 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்று திருப்பி அனுப்புவார்கள். சட்டத்தில் குற்றம் என்று எழுதியிருப்பதைக் காட்டிய பிறகும் அனுப்புவார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் உள்ள சட்டத்தை ஒவ்வொரு நிலையத்திலும் புதிதாக விளக்குவது வழக்கறிஞரின் வேலையாகிவிட்டது.

அசல் சான்றிதழ், பாஸ்போர்ட், கையெழுத்திட்ட வெற்று முத்திரைத்தாள், தொகை நிரப்பாத காசோலை: இவற்றில் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து; உங்கள் தம்பிக்கே அது சொந்தமில்லை எனும்போது, ஏஜென்ட்டின் அலமாரியில் அதற்கு என்ன வேலை? தகராறு வரும் நாளில் ஒப்பந்தத்தின் நயமான சொற்றொடர்களைப் பற்றி யாரும் வாதிடுவதில்லை. சான்றிதழைத் திரும்பப் பெற, ஏஜென்ட் கேட்ட தொகையைக் குடும்பம் கொடுத்துவிட்டு வருகிறது. நான்கு பக்க ஒப்பந்தத்தை வரிவரியாகத் திருத்தி வாங்கிய ஒரு குடும்பம், அடையாளத்துக்காக என்று கேட்ட ஒரே ஒரு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தது. திருத்திய நான்கு பக்கமும் எதற்கும் பயன்படவில்லை.

இனி சித்தப்பா சொன்னது. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு சொல்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், மூன்றாண்டு மேலாண்மை ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவர் வேறொருவரிடம் போவதற்கு முன் தன்னிடம் வர வேண்டும் என்று நிறுவனம் வைத்திருந்த நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. சித்தப்பா இதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் அந்தத் தீர்ப்பு ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு வரும் தடையைப் பற்றியது. காலம் நடந்துகொண்டிருக்கும்போது 'எனக்கு மட்டுமே ஆட வேண்டும், வேறு யாருக்கும் ஆடக்கூடாது' என்ற நிபந்தனையைப் பொதுவாக நீதிமன்றங்கள் ஏற்கின்றன. 'போய் மல்யுத்தம் செய்' என்று உங்கள் தம்பிக்கு எந்த நீதிபதியும் உத்தரவிட மாட்டார். 'வேறு எங்கும் செய்யாதே' என்று இடைக்காலத் தடை கொடுக்க முடியும். எனவே பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தின் கால அளவு. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இந்தத் தடை மூன்றாண்டுக்கு. பத்தாண்டு ஒப்பந்தத்தில் 21 வயதிலிருந்து 31 வரை. மிகக் கடுமையான, ஒருதலைப்பட்சமான நிபந்தனை என்று வாதாடி அதை உடைக்கலாம்தான். ஆனால் வழக்கு முடியும்போது தம்பியின் முழங்கால் ரிங்கில் ஏறும் நிலையில் இருக்குமா என்பதை நம் நீதிமன்றங்களின் வேகம் தெரிந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

சினிமா வருமானத்தை இந்த ஒப்பந்தத்தில் சேர்க்கவே கூடாது. 'எல்லா வருமானமும்' என்ற இரண்டு சொற்களால், எட்டு ஆண்டு கழித்து ஓர் இயக்குநர் தாமாகத் தேடி வந்து தரும் வேடத்திலும் நூற்றுக்கு நாற்பது இவருக்குப் போகும்.

உடம்பைப் பற்றி நான் பேசக்கூடாது என்றாலும், இது ஒப்பந்தத்தோடு சேர்ந்த விஷயம். அசாதாரண உயரத்துக்குப் பிட்யூட்டரி சுரப்பியிலுள்ள கட்டி காரணமாக இருக்கலாம். காளிக்கு 2012இல் அதற்காக அறுவை சிகிச்சை நடந்தது. அதே சுரப்பிக் கோளாறு இருந்த, நடிகராகவும் புகழ்பெற்ற மல்யுத்த வீரர் ஆந்த்ரே தி ஜயன்ட் 1993இல் 46 வயதில் இதயம் செயலிழந்து இறந்தார். ஏதும் கையெழுத்தாகும் முன் தம்பியை அகச்சுரப்பியியல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'உடல்நலக் காரணத்தால் ஆட முடியாவிட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அடித்துவிடுங்கள். பயிற்சியில் காயம்பட்டால் பொறுப்பேற்க மாட்டோம் என்ற வரியையும் அப்படியே. காளி பயின்ற காலத்தில் அதே கூடத்தில் 2001இல் பயிற்சி பெற்றுவந்த ஒருவர் அடிபட்டு இறந்தார். அவர் குடும்பத்துக்கு 13 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று 2005இல் அமெரிக்க ஜூரி முடிவு செய்தது.

ஏஜென்ட்டிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: முன்பணம் கிடையாது, காலம் இரண்டு ஆண்டு, மல்யுத்த வருமானத்தில் மட்டும், அதுவும் அவர் கொண்டுவந்த வாய்ப்பில் மட்டும் 15 விழுக்காடு, அசல் ஆவணம் எதுவும் தர மாட்டோம். வரைவு ஒப்பந்தத்தை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் படிக்கக் கேளுங்கள். 'இன்றே கையெழுத்து வேண்டும், வேறு பையன் காத்திருக்கிறான்' என்று சொன்னால், அந்தப் பையனிடமே போகச் சொல்லிவிடுங்கள்.