அறுபதைத் தாண்டியவருக்குக் காசநோயும் சர்க்கரையும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 69. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வருகிறார். சென்ற மாதம் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகிச் சிகிச்சை தொடங்கியுள்ளது. "இந்த வயதில், சர்க்கரையும் இருந்தால் மருந்து கேட்காது" என்று உறவினர்கள் சொல்வது உண்மையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்மையன்று. சளியிலுள்ள கிருமி மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால், ஆறு மாதச் சிகிச்சையில் முதியவர்களும் குணமடைகிறார்கள். ஆனால் அந்த ஆறு மாதத்தைத் தாங்க வேண்டிய உடல் தளர்ந்திருக்கிறது என்பதில்தான் வயதின் பங்கு இருக்கிறது. சர்க்கரை உள்ள காசநோயாளிகள் சிகிச்சைக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. முதுமை அதை மேலும் கூட்டுகிறது. இந்த இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்வதால்தான், தமிழக அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் உடல் எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பன பார்க்கப்பட்டு, மோசமான நிலையில் இருப்பவர்கள் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள்.

முதுமையில் காசநோய் மருந்துகளால் கல்லீரல் பாதிப்பு எளிதில் வரும் என்பதால், தொடர் வாந்தியோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காசநோய் மருந்துகளுள் ஒன்றான எதாம்புட்டால் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அது உடலில் தேங்கிப் பார்வை நரம்பைத் தாக்கும். பார்வை மங்குவதைக் கண்புரை என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். கால் எரிச்சலுக்கும் சர்க்கரை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மற்றொரு காசநோய் மருந்தான ஐசோனியாசிடும் அதைத் தரும், தடுக்க பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரை உண்டு.

பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து செய்வதால், சிகிச்சையின்போது சர்க்கரை ஏறுகிறது. மருத்துவர் அளவைக் கூட்டுகிறார் அல்லது இன்சுலினுக்கு மாற்றுகிறார். ஆறாம் மாத முடிவில் ரிஃபாம்பிசின் நின்ற சில வாரங்களில் அந்த விளைவு மறைந்து, கூட்டிய அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எனவே கடைசி மாத்திரை முடியும் வாரத்திலேயே சர்க்கரை மருத்துவரையும் பாருங்கள். சர்க்கரை இறங்கும்போது இளையவருக்கு வியர்வையும் நடுக்கமுமாகத் தெரிவது முதியவரிடம் வெறும் தடுமாற்றமாகவோ சம்பந்தமற்ற பேச்சாகவோ மட்டும் தெரியக்கூடும். வயதின் மறதி என்று எண்ணாமல், உடனே சர்க்கரை அளவைச் சோதித்துப் பாருங்கள்.