நிரல் எழுதத் தெரியாதவர்கள் கட்டற்ற மென்பொருளுக்கு என்ன செய்யலாம்? கேள்வி பதில்

கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள். நான் நிரலாளன் இல்லை. ஆவணங்கள் தயாரிக்கும் கட்டற்ற மென்பொருளான லிப்ரெஆபிஸில் வரும் வழுக்களை, அதாவது பிழைகளை, சோதிப்பதும் தமிழ் மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதும்தான் என் வேலை. எனக்குத் தெரிந்த பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

தமிழாசிரியை, திண்டுக்கல்: வணக்கம் சார். வினாத்தாள்களை லிப்ரெஆபிஸில்தான் தயாரிக்கிறேன். ஸ்டைலில் எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது. இதைச் சொல்வதும் பங்களிப்புதானா?

வணக்கம் டீச்சர். இது வழு அல்ல, அமைப்பு அப்படி. லிப்ரெஆபிஸ் எழுத்துகளை மூன்றாகப் பிரிக்கிறது: மேற்கத்திய எழுத்து, சீனம் ஜப்பான் கொரிய எழுத்து, கூட்டெழுத்து வகை (Complex text layout). தமிழ் மூன்றாவதில் வரும். அமைப்புகளில் மொழிகள் பக்கத்தில் அந்த வகையை இயக்கிவிட்டு, ஸ்டைலின் எழுத்துருப் பக்கத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும். இதையே ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு பக்கம் தமிழில் எழுதினால், அது முழுமையான பங்களிப்பு. உங்களைப் போல் தவிக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர்.

உண்மையான வழு ஒன்று கண்ணில் பட்டால் இப்படிச் செய்யுங்கள். லிப்ரெஆபிஸின் வழுப் பதிவுத் தளத்தில் ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். உதவி மெனுவில் பதிப்பு விவரத்தை அப்படியே நகலெடுத்துப் போடுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது, மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு வழுதான். மாதிரிக் கோப்பு இணைப்பதானால் சிக்கல் தெரிகிற இரண்டு வரி போதும். முழு வினாத்தாளையும், அதிலும் மாணவர் பெயர்ப் பட்டியலோடு, ஏற்றிவிடாதீர்கள். அங்கே போடுவதை உலகமே பார்க்கும்.

புதிய பதிவு 'உறுதிசெய்யப்படாதது' என்ற நிலையில் கிடக்கும். வேறொருவர் தன் கணினியில் அதே வழுவை வரவழைத்துப் பார்த்த பிறகே நிலை மாறும். நம் பதிவை நாமே உறுதிசெய்யக் கூடாது. அடுத்தவர் பதிவை உறுதிசெய்வதற்குத்தான் ஆள் எப்போதும் போதாது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் விழாமல் பின்னால் விழுந்தால், ஜெர்மனியில் இருக்கும் நிரலாளருக்கு அது தப்பு என்றே தெரியாது. உங்களுக்கு ஒரு பார்வையில் தெரியும்.

பி.காம் மாணவர், கோவை: அண்ணா, ரெஸ்யூமேவில் போட கிட்ஹப் (நிரல்களைச் சேர்த்து வைக்கும் தளம்) பங்களிப்பு வேண்டும். சுலபமாக முடிவது எது?

தம்பி, அந்த நோக்கத்தோடு தொடங்க வேண்டாம். 2020 அக்டோபரில், கட்டற்ற திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்ப ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் டி-ஷர்ட் தருகிறார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஒன்றுக்கும் உதவாத திருத்தங்களை அனுப்பினார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கலந்துகொள்ளும்படி அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024-ல், இணையச் செயலிகள் கட்ட உதவும் எக்ஸ்பிரஸ் திட்டத்தின் முகப்புக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி வரிசையாகக் கோரிக்கைகள் வந்தன. பயிற்சி வீடியோவில் காட்டியதை அப்படியே செய்தவர்கள் அவர்கள். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் திறந்து, படித்து, மூட வேண்டும்.

தினமும் நீங்கள் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் எது? விஎல்சியா, பயர்பாக்ஸா? அதன் உதவிப் பக்கத்தைப் படியுங்கள். எந்த இடம் புரியவில்லையோ அங்கே தொடங்குங்கள்.

பொறியியல் மாணவி, திருச்சி: எனக்கும் நிரல் அவ்வளவாக வராது. எங்கே தொடங்குவது?

மேலே உள்ள இரண்டு பதில்களும் உங்களுக்கும்தான்.

வங்கி ஊழியர், மதுரை: எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதன் தமிழ் உச்சரிப்பு பல இடங்களில் உறுத்துகிறது. நான் ஏதாவது செய்ய முடியுமா?

சார், இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். என்விடிஏ 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது. அவரும் பார்வையற்றவர். யாருக்குத் தேவையோ அவர்களே கட்டிய மென்பொருள் அது. அதனோடு வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சுப்பொறி தமிழை வாசிக்கும். அதன் தமிழ் உச்சரிப்பு விதிகளும் விதிவிலக்குச் சொற்களும் சாதாரண உரைக் கோப்புகளில் இருக்கின்றன. எந்தச் சொல் தப்பாக வருகிறது, எப்படி வர வேண்டும் என்று பட்டியல் போட்டுத் தாருங்கள். கோப்பில் சேர்ப்பதை வேறு யாராவது செய்வார்கள், அந்தப் பட்டியலை நாள் முழுக்கக் கேட்பவரால்தான் தர முடியும். அப்புறம், எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானுக்குப் பெயர் சொல்லாமல் வெறும் 'பட்டன்' என்று வாசிக்கிறதோ, அந்த மென்பொருளில் அதையும் பதியுங்கள்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தஞ்சாவூர்: கணினி அதிகம் தெரியாது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. என்னால் என்ன ஆகும்?

ஐயா, உங்கள் குரல் வேண்டும். மொசில்லா 2017-ல் தொடங்கிய காமன் வாய்ஸ் என்ற குரல் சேகரிப்புத் தளத்தில் திரையில் வரும் வாக்கியத்தை வாசித்தால் போதும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களைப் பழக்க அது பயன்படும். முதியவர்கள் குரலும் வட்டாரப் பேச்சும் இல்லாமல் பழகிய மென்பொருளுக்கு நீங்கள் பேசுவது சரியாகப் புரியாது. வாசிக்கச் சிரமமாக இருந்தால் பிறர் வாசித்ததைக் கேட்டு, சரியா தவறா என்று சொல்லுங்கள்.

மென்பொருள் நிறுவன மேலாளர், சென்னை: பெரியவரின் குரலை இலவசமாக வாங்கி நிறுவனங்கள் சம்பாதிக்கும். இது சுரண்டல் இல்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. காமன் வாய்ஸ் குரல்கள் பதிப்புரிமைக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத சிசி0 உரிமத்தில் வெளியாகின்றன. நிறுவனமும் எடுக்கலாம், கல்லூரி மாணவரும் எடுக்கலாம். பிறர் இறக்கிக்கொண்ட பிரதியைத் திரும்ப வாங்கவும் முடியாது. ஐயாவும் இதைத் தெரிந்துகொண்டே முடிவு செய்யட்டும்.

அதே மேலாளர்: மாணவரும் நிறுவனமும் ஒன்றா? ஓபன்எஸ்எஸ்எல் கதை என்ன ஆயிற்று?

அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஓபன்எஸ்எஸ்எல் இணையத் தகவல்களை மறையாக்கிக் காக்கும் கட்டற்ற மென்பொருள். 2014-ல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் திட்டத்திலும் தனியாளாகக் களைத்துப்போன பராமரிப்பாளரை, 2022-ல் முகம் தெரியாத பெயர்கள் 'ஏன் தாமதம்' என்று நெருக்கின. அந்த நெருக்கடியில் உதவியாளராக உள்ளே வந்த ஒருவர்தான் 2024-ல் ரகசியப் பின்வாசல் வைத்தார். ஆனால் இதனால் யாரும் எதுவும் தர வேண்டாம் என்று முடித்தால், விடுபட்டுப்போவது தமிழ்தான். உறுத்தினால் உரிமம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். என்விடிஏ ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது, அதை மாற்றி வெளியிடுபவர் மூலநிரலையும் தர வேண்டும்.

வழக்கறிஞர், சேலம்: உரிமம் மட்டும் சோறு போடாது. பணம் கேட்கவும் ஆள் வேண்டும்.

ஆமாம், அது நிரலாளர் செய்யும் வேலையும் இல்லை. மேலாளர் சார், உங்கள் நிறுவனம் எந்தெந்தக் கட்டற்ற மென்பொருளை நம்பி ஓடுகிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதில் இரண்டுக்காவது ஆண்டு நன்கொடை வாங்கிக் கொடுங்கள். உங்கள் கோபத்துக்கு அதுதான் சரியான இடம்.

ஐடி ஊழியர், பெங்களூரு: செயற்கை நுண்ணறிவில் போட்டு ஒரே நாளில் முழு மென்பொருளையும் தமிழாக்கிவிடலாமே?

தயவுசெய்து வேண்டாம். சதவீதக் குறியோடு வரும் இடக்குறி ஒன்று சிதைந்தாலும் கோப்புப் பெயரோ எண்ணோ வர வேண்டிய இடம் கெட்டுப்போகும். நீங்கள் ஒரு நாளில் கொட்டுவதைப் படித்துத் திருத்த இன்னொருவருக்கு மாதக்கணக்கில் ஆகும். வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் பத்து வரியைப் பரிந்துரையாகப் போடுங்கள். மென்பொருளைத் திறந்து, அந்த வரி எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வழு அறிக்கைக்கும் இதே பேச்சுதான். இயந்திரம் எழுதிய போலி அறிக்கைகள் நேரத்தைத் தின்கின்றன என்று இணையத்தில் தரவு அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலேயே எழுதிவிட்டார்.

ஈரோடு: லேப்டாப் மெதுவாக இருக்கிறது, உபுண்டு போடலாமா?

உங்கள் ஊர் லினக்ஸ் பயனர் குழுவில் கேளுங்கள்.

பட்டதாரி, கரூர்: கோடிங் தெரியாமல் பங்களிக்க முடியுமா?

முடியும். மேலே முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட ஊர் ஒழுங்கைகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பெயரில்லாமல் கிடக்கு. போனிலேயே செய்யலாமோ?

செய்யலாம் தம்பி. ஓபன்ஸ்ட்ரீட்மேப் எல்லோரும் சேர்ந்து வரையும் கட்டற்ற வரைபடம்தானே, அதில் சேர்க்க ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியைப் போடுங்கள். நடந்து போகும்போது வீதியின் பெயர் என்ன, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அதுவே கேட்கும். மும்மொழிப் பெயர்ப்பலகை இருக்கும் வீதிகளில் தொடங்கினால் தமிழ்ப் பெயரைப் பார்த்தே எழுதலாம். பலகை இல்லாத ஒழுங்கைக்கு அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து மட்டும் எழுத வேண்டாம், உரிமச் சிக்கலில் உங்கள் உழைப்பு முழுவதையும் நீக்கிவிடுவார்கள்.