பாதத்துல ப்ளேட் வச்சா அம்மா மறுபடி தோட்டத்துக்குப் போக முடியுமா?

கம்பத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு 54 வயசு, தினம் ஜீப்புல கம்பமெட்டு ஏறி அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு காய் எடுக்கப் போறவங்க, ஆறு வருஷம் முன்னாடி ஜீப்புலேர்ந்து இறங்கும்போது பாதம் முறுக்கிக்கிச்சு, சுளுக்குன்னு எண்ணெய் போட்டு கட்டினதோட சரி, இப்ப பாதத்து மேல நடுவுல முண்டு மாதிரி எழும்பி சரிவுல நடந்தா உயிர் போகுதாம். எலும்பை ஒட்டவச்சு ப்ளேட் போடணும்னு சொல்லிட்டாங்க, கால் கட்டை மாதிரி ஆயிடுமான்னு பயம்.

ஆகாதும்மா. கணுக்கால் வேற, இது வேற, இது பாதத்து நடுவுல இருக்கற மூட்டு. அதுல பெருவிரல் பக்கத்து மூணு மூட்டும் நல்ல கால்லயே ரொம்ப கொஞ்சமாத்தான் அசையும், அதனால தேய்ஞ்ச குருத்தெலும்பை சுரண்டிட்டு ஸ்க்ரூ, ப்ளேட் போட்டு இறுக்கி எலும்பு ஒண்ணா கூடிட்டா நடையில பெருசா ஒண்ணும் குறையாது, உரசல் வலிதான் போகும். சுண்டுவிரல் பக்கத்து ரெண்டு மூட்டு அப்படி இல்ல, மேடு பள்ளத்துக்கு பாதம் வளைஞ்சு கொடுக்கறதே அதாலதான், அதை முடிஞ்சவரை ஒட்ட மாட்டோம்.

கம்பூட்ஸ் அழுத்தும்போது மட்டும்தான் வலியா, வெறுங்கால்ல நடந்தாலுமா, இதை அம்மாகிட்ட கேளுங்க. அழுத்தினா மட்டும்னா அந்த முண்டை மட்டும் செதுக்கி எடுத்தா போதும், சின்ன ஆபரேஷன்.

எதுக்கும் முன்னாடி, நின்னுக்கிட்டு எடுத்த எக்ஸ்ரே இருக்கான்னு பாருங்க, படுத்து எடுத்ததுல பாதம் சரிஞ்சிருக்கறது தெரியாமப் போகும். சந்தேகப்படற மூட்டுல எக்ஸ்ரே பாத்துக்கிட்டே மரத்துப்போற ஊசி போட்டுப் பாக்கச் சொல்லுங்க, மரத்த நேரத்துல வலி போச்சுன்னா குற்றவாளி அந்த மூட்டுதான். இதை நான் விடவே மாட்டேன், தப்பான மூட்டை ஒட்டிட்டா வலி அப்படியே இருக்கும்.

அம்மா செருப்பை ரெண்டு கையால பிடிச்சு மடக்குங்க. நடுவுல மடங்குதா? ஒவ்வொரு அடிக்கும் அந்த மூட்டும் அப்படித்தான் வளையுது. மடங்காத அடிப்பாகம், முன்னாடி லேசா மேல வளைஞ்ச ஷூ சில மாசம் போட்டுப் பாக்காம கத்தி வேண்டாம்.

ஆபரேஷன்னா 6லேர்ந்து 8 வாரம் கால் தரையில படக்கூடாது, அப்புறம் காலை அசையாம பிடிக்கற ஆஸ்பத்திரி பூட் போட்டு மெதுவா நடக்கலாம், வீக்கம் ஒரு வருஷம் வரைக்கும்கூட வந்து வந்து போகும். சரிவுல மூட்டையோட இறங்கற வேலைக்கு அரை வருஷமாவது ஆகும், அதனால காய் எடுப்பு முடிஞ்சு தேதி வாங்குங்க. சில பேருக்கு எலும்பு கூடாம மறுபடி செய்யவேண்டி வரும், பாதத்து மேல மரத்துப்போகவும் செய்யும். வெத்தலையோட போயிலை போடுவாங்கன்னா இப்பவே நிறுத்தச் சொல்லுங்க, அது எலும்பை ஒண்ணா சேர விடாது. சுகர் டெஸ்ட் எடுங்க. சுகர் இருந்து பாதம் சூடா சிவந்து வீங்கியிருந்தா ஆபரேஷன் தேதிக்காக காத்திருக்காதீங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.