மஸ்டாங் விலை ஏறுகிறது, வாங்கலாமா? ஒரு வடசென்னை சர்வேயரின் கேள்வி பதில்

வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக வடசென்னையில் 20 வருடங்களுக்கு மேல் வேலை பார்க்கிறேன். மோதிய வண்டி, மூழ்கிய வண்டி, எரிந்த வண்டி என்று எல்லாவற்றுக்கும் மதிப்புப் போடுவதுதான் தொழில். இறக்குமதி மசில் கார்களை, அதாவது பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க வேகக் கார்களைப் பற்றி, குறிப்பாக ஃபோர்டு மஸ்டாங் பற்றி, பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

திருவொற்றியூர், டிரான்ஸ்போர்ட் தொழில் செய்பவர்: அண்ணே, 2016-ல் மஸ்டாங் ஜி.டி. 65 லட்சத்துக்கு வந்தது. அதே வருஷத்து வண்டிக்கு இப்போது கிட்டத்தட்ட அதே விலை சொல்கிறார் புரோக்கர். இன்னும் ஏறும் என்கிறார். அந்த விலை தகுமா?

தம்பி, விலை எதனால் ஏறுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். துறைமுகத்தில் வந்து இறங்கும்போது ஒரு புது காரின் மதிப்பு 30 லட்சம் என்று வையுங்கள். சுங்க வரி 110 விழுக்காடு. 2025 பட்ஜெட்டில் 70 ஆகக் குறைத்ததாகச் செய்தி வந்தது. ஆனால் வேளாண் கட்டமைப்பு வரி என்று 40 சேர்த்ததால் மொத்தம் அதேதான். ஆக 63 லட்சம். அதன் மேல் 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டால் 88 லட்சம் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. அதையும் கட்டி முடித்தால் ஏறக்குறைய 1 கோடியே 6 லட்சம். 30 லட்சம் காருக்கு 76 லட்சம் வரி. இதோடு டாலரையும் பாருங்கள். 2016-ல் 67 ரூபாய் அளவில் இருந்தது, 2025 கடைசியில் 90-ஐத் தொட்டது.

பழைய வண்டி வைத்திருப்பவர் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். புதிதாக இறக்கினால் ஒரு கோடிக்கு மேல் ஆகும், என் வண்டியை ஏன் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறார். அவர் கேட்பதில் பெரும்பகுதி வரியும் டாலரும்தான். வண்டிக்கு வயது கூடிக்கொண்டேதான் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. வி8 என்கிற எட்டு சிலிண்டர் இன்ஜின் போட்ட இரண்டு கதவு கூபே கார்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. டாட்ஜ் சேலஞ்சர் 2023 டிசம்பரோடு, செவர்லே கமாரோ 2024 மாடலோடு முடிந்தது. மஸ்டாங்கின் புதிய தலைமுறையையும் கம்பெனி இங்கே விற்பனைக்குக் கொண்டு வரவில்லை. அதனால் இங்கே இருக்கிற வண்டிகளுக்குள்ளேதான் கைமாறல்.

என் அபிப்பிராயம் இது. அந்த 5 லிட்டர் வி8 ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை ஒரு முறை பக்கத்தில் நின்று கேட்டவன், அதற்காகப் பணம் செலவழிக்கிறவனைக் குறை சொல்ல மாட்டான். ஓட்டுவதற்கு வாங்கினால், நல்ல வண்டி கிடைத்தால், விலை தகும். ஏற்றி விற்பதற்கு வாங்கினால் தகாது. ஏன் என்று கடைசிப் பதிலில் கணக்கோடு சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை: சார், மார்க்கெட்டில் விலை ஏறினால் இன்சூரன்ஸ் பணமும் ஏறும்தானே?

ஏறாது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் அடிபடுகிறார்கள்.

பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும். வண்டி முழுதாகப் போனால் உங்கள் கைக்கு வருவது அதிகபட்சம் அதுதான். புது வண்டியின் விலையிலிருந்து வருடா வருடம் தேய்மானம் கழித்து அந்தத் தொகையைப் போடுகிறார்கள். நாலு வருடம் தாண்டி ஐந்தாவது ஓடும்போது பாதி கழிந்துவிடும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்கிற தொகை. நீங்கள் பேசாவிட்டால் கம்ப்யூட்டர் காட்டுகிற தொகைதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். எண்ணெய் கலந்த வெள்ளம் வந்த பகுதி அது. தாழ்வான இறக்குமதி கார் ஒன்று போர்ட்டிகோவில் நின்றது. கதவின் கைப்பிடிக்குக் கீழே, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கறுப்பாக ஒரு கோடு. துணியால் துடைத்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. தண்ணீர் வடிந்த மறுநாள் "ஓடுதா பார்ப்போம்" என்று மகன் ஸ்டார்ட் செய்திருக்கிறார். சிலிண்டருக்குள் இருந்த தண்ணீரை பிஸ்டன் அமுக்கப் பார்த்து கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. இன்ஜின் பாதுகாப்பு என்கிற கூடுதல் கவர் எடுத்திருக்கவில்லை. பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யையும் முந்தைய ரினியூவலில் குறைத்திருக்கிறார்கள். மிச்சம் பிடித்தது சில ஆயிரம், போனது பல லட்சம். பேப்பரில் இல்லாத தொகையை என்னாலும் எழுத முடியாது. அந்த அம்மா கொடுத்த காபியைக் குடிக்கவே மனம் வரவில்லை.

அதனால் வாங்கின விலைக்கான ரசீது, பேங்க் கணக்கு, மதிப்பீட்டாளர் அறிக்கை மூன்றையும் கொடுத்து ஐ.டி.வி.யை உயர்த்தச் சொல்லுங்கள். பிரீமியம் ஏறும். ஏறட்டும்.

பெரம்பூர்: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். மேலே பளிச்சென்று இருக்கும். சுருளின் கடைசி ஒரு முழத்தில் சேற்று நிறம் தெரிந்தால் வண்டி குளித்திருக்கிறது. டிக்கியில் விரிப்பைத் தூக்கி மூலைகளில் விரல் விட்டுப் பாருங்கள், மணல் ஒட்டும். சீட்டுக்குக் கீழே தண்டவாளம் போல இருக்கிற இரும்பில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஏ.சி.யை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி வண்டியைக் கால் மணி நேரம் வெயிலில் விடுங்கள். கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாடை அடித்தால் நகர்ந்துவிடுங்கள்.

நம் பகுதி வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும். கடற்கரையை ஒட்டி வெட்டவெளியில் நின்ற வண்டியை உப்புக் காற்று கீழிருந்து தின்னும். மேலே போட்ட பெயின்ட் இதைக் காட்டாது.

காசிமேடு: அண்ணா, தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான். அங்கே செகண்ட் ஹேண்ட் மஸ்டாங் மலிவாம். எண்ணூர் துறைமுகத்தில் இறக்கி எடுக்கலாமா?

முடியாது. பழைய கார் இறக்குமதி மும்பை துறைமுகம் வழியாக மட்டும்தான். தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். ஷார்ஜா வண்டியில் இடது பக்கம் இருக்கும். வரியும் புது காரை விட அதிகம். பக்கத்திலேயே எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கார் ஏற்றுகிற கப்பல் நிற்பதைப் பார்த்தால் ஆசை வரும், எனக்குத் தெரியும்.

"நான் பேப்பர் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்று எவராவது வந்தால் கவனம். பூடான் வழியாகக் கடத்தி வந்து, வேறு மாநிலத்தில் ரிஜிஸ்டர் செய்து விற்ற கார்களை 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் சாவி மட்டும் மிஞ்சும். எந்த இறக்குமதி வண்டியாக இருந்தாலும் ஆர்.சி.யோடு பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்தில் கொடுத்த இறக்குமதி ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். சேஸ் நம்பரை வண்டியில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

மாதவரம்: பிரிட்டன் ஒப்பந்தத்தால் கார் வரி 10 விழுக்காடு ஆகப்போகிறதாமே? ஃபோர்டும் மறைமலை நகருக்குத் திரும்பி வருகிறதே? பொறுத்திருந்தால் விலை இறங்குமா?

2025 ஜூலையில் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் பிரிட்டனில் தயாராகும் கார்களுக்கு, அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள். மஸ்டாங் தயாராவது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளாட் ராக்கில். லண்டனில் வாங்கினாலும் அது அமெரிக்க வண்டிதான்.

மறைமலை நகர் விஷயம் நம் பிள்ளைகளுக்கு வேலை என்ற அளவில் எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் 2025 அக்டோபரில் போட்ட ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு இன்ஜின் தயாரிக்க. உற்பத்தி தொடங்குவது 2029-ல். இறக்குமதி கார் விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: மஸ்டாங் மசில் காரே இல்லை, போனி கார் என்கிறார்களே?

சரிதான் தம்பி. 1964 ஏப்ரல் 17 அன்று வந்த மஸ்டாங்கால்தான், நீண்ட பானட் வைத்த சின்ன ஸ்போர்ட்ஸ் ரக காருக்குப் போனி கார் என்ற பெயரே பிறந்தது. 1964 மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் மசில் காரின் தொடக்கம் என்று பலரும் சொல்வார்கள். விலையில் இதனால் ஒரு மாற்றமும் இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டை: எங்கள் தெருவுக்குள் வருமா?

கண்ணாடி மடக்கினாலும் அகலம் 1.9 மீட்டருக்கு மேல். ஸ்விஃப்ட் 1.73 தான். கயிறு எடுத்துத் தெருவை அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இரண்டு பக்கமும் பைக் நிற்கிற ராத்திரி நேரத்தில் அளக்கவும்.

மணலி: பெட்ரோல் செலவு? எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தால் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 விழுக்காடு எத்தனால் வருவதற்கு முன்னால் இறக்குமதியான வண்டி இது. டேங்க் மூடியிலும் கையேட்டிலும் எவ்வளவு எத்தனால் வரை என்று போட்டிருப்பதைப் பாருங்கள். எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் நகரத்தில் சில பங்க்குகளில் கிடைக்கிறது, விலை லிட்டர் 150 ரூபாய்க்கு மேல். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் கடைசி டேங்க் அதைப் போடுவது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

செங்குன்றம், ஓய்வு பெற்ற பெரியவர்: நான் சோழவரத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன். மஸ்டாங் என் வசதிக்கு வராது. கான்டெசா விலையும் ஏறுகிறதே, வாங்கலாமா?

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு நிறைந்தது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில், வெயிலில் தகிக்கிற தரை மேல் கார்கள் பறந்ததை என் அப்பா சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தப் பைத்தியமே வந்தது.

கான்டெசா 1984 முதல் 2002 வரை வந்த வண்டி. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர்தான் அதன் மூலம். நீண்ட பானட், அகன்ற முகம் எல்லாம் மசில் கார் போலவே இருக்கும்; முதலில் உள்ளே இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜின். அதனால் இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜின் உள்ளதைத் தேடுங்கள். பாடியில் துரு இல்லாத வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். இன்ஜின் வேலைக்கு ஆள் கிடைப்பார்கள், தகரம் தட்ட நல்ல கை கிடைப்பது கஷ்டம். 20 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். இறக்குமதி கார் என்றால் 80,000. அந்த வகையிலும் உங்களுக்குக் கான்டெசாதான் ஏற்றது. வாங்கினால் சொல்லுங்கள் ஐயா, பார்க்க வருகிறேன்.

கொடுங்கையூர்: அண்ணா, என் கணவர் வீட்டை அடமானம் வைத்து 60 லட்சத்துக்கு மஸ்டாங் வாங்கலாம், 3 வருஷத்தில் லாபத்துக்கு விற்கலாம் என்கிறார். பயமாக இருக்கிறது.

தங்கச்சி, அவர் முன்னால் இந்தக் கணக்கை வையுங்கள். 10 விழுக்காடு வட்டி என்றாலே 3 வருடத்துக்கு 18 லட்சம். இன்சூரன்ஸ் வருடம் ஒன்றரை லட்சம் என்று வைத்தால் நாலரை. டயர், பேட்டரி, பிரேக், சர்வீஸ் எல்லாம் சேர்த்துக் குறைவாக 5 லட்சம். அசலோடு 87 லட்சத்து 50 ஆயிரம். அந்த விலைக்கு விற்றால்தான் கைக்காசு போகாமல் தப்பிக்க முடியும். அதன் பிறகுதான் லாபம் என்ற பேச்சே. அப்போது வண்டிக்கு வயதும் 3 கூடியிருக்கும், ஓனர் எண்ணிக்கையும் ஒன்று ஏறியிருக்கும். விலை கேட்டு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள்.

வீட்டுப் பத்திரத்தைத் தொட வேண்டாம். அவரைத் திட்டவும் வேண்டாம், அந்த ஆசை தப்பில்லை. அடுத்த வாரம் ஒரு மஸ்டாங்கைப் பரிசோதிக்கத் திருவொற்றியூர் போகிறேன். ஓனரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அவரையும் அனுப்பி வையுங்கள். லிஃப்டில் ஏற்றும்போது கூட நின்று பார்க்கட்டும்.